மாவு இறுகும்வரை

"வாயை மூடக் கூடாது, பேசக் கூடாது, நாக்கை ஆட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இளஞ்சிவப்பு மாவு நிரப்பிய தட்டைப் பேக்கரிக்காரரின் மேல்வரிசைப் பற்களில் வைத்து அழுத்தினாள் நர்ஸ்.

அழுத்திய விரல்களை எடுக்கவில்லை. மாவு இறுகிப் பல்லின் அச்சு பதிகிறவரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம்.

பேக்கரிக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தார். எச்சில் மட்டும் மோவாய் வழியாக இறங்கி, கழுத்தில் கட்டிய துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் அவருக்குப் பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. கூசுகிறது என்று ஒரு தடவை வந்தார். கறை என்று இன்னொரு தடவை. 'உங்கள் பல்லை வைத்து நான் விளம்பரமே போடலாம், வீட்டுக்குப் போங்கள்' என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, எப்போதோ கல் கடித்து ஓரம் உடைந்த ஒரு பல்லைத் தேடிப்பிடித்து, அதற்குக் கேப் போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

எல்லாம் இந்த நர்ஸைப் பார்க்கத்தான். தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்து ஓய்ந்து, நாற்பதைத் தாண்டி நிற்கிற மனுஷனுக்கு வந்திருக்கிற கூத்தைப் பாருங்கள். அவளும் தனியாள்தான். மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள்.

ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான். அவரைவிட மூத்த தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இவள் ஒருத்திதான் இன்றுவரை கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க' என்பாள். 'உங்களைத்தான்' என்பாள். அண்ணே மட்டும் வாயில் வராது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதத்தை ஓட்டினார்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே கேட்பது? அவள் ரஸ்க் வாங்கக் கடைக்கு வரும்போது முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கும். இங்கே வந்தால், உட்கார்ந்த உடனே வாயைத் திற என்பார்கள். பிளந்த வாயோடு எந்த ஆம்பிளை பெண் கேட்டிருக்கிறான்?

இன்றைக்கு அச்செடுத்து முடிந்ததும் கேட்டே விடுவது என்று, இருப்பதில் நல்ல சட்டையாக இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்போதுதான் டாக்டர் கையைத் துடைத்தபடி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"விஷயம் தெரியுமாண்ணே? சிஸ்டருக்கு இன்னைக்குதான் கடைசி நாள். அவங்க அண்ணன் அவர் ஊர்லயே வேலை பாத்து வெச்சிட்டாராம். நாளைக்குக் காலையில அங்க சேரலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்களாம். இதோ, இந்த பஸ்ல கிளம்புறாங்க."

பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்தார்.

மூலையில் ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு கைப்பை. ஜன்னலுக்கு வெளியே, எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டில், அந்த ஊருக்குப் போகிற ஒரே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இதை விட்டால் நாளைக்குச் சாயங்காலம்தான்.

"ங்ஆ... ங்ங்..." என்றார்.

பேசினால் அச்சு கோணிவிடும் என்று டாக்டர் அதட்டினார். கோணினால் கோணட்டும் ஐயா, இங்கே ஒருத்தன் வாழ்க்கையே கோணிக்கொண்டிருக்கிறது!

தட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேட்டுவிடலாமா என்று கை துடித்தது. தட்டைப் பிடித்திருப்பது அவள் விரல்களாயிற்றே. தவிர, வாய் நிறைய சிவப்பு மாவோடு கல்யாணப் பேச்சை எடுத்தால் அவள் பயந்து ஓடமாட்டாளா?

அழுகை வந்துவிடும்போல இருந்தது, வந்தும் விட்டது. கண்ணோரம் வழிந்த நீரைப் பார்த்த டாக்டர், குமட்டல்தான் என்று நினைத்து, மூக்கால் மூச்சு விடச் சொன்னார்.

மூக்கால் மூச்சு விட்டார். வேறென்ன செய்ய முடியும்?

அவளை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் அவருடைய ஈரக் கண்ணைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்தாள்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

டாக்டர் பதறிப்போய் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். "சிஸ்டர், பஸ்ஸை எடுக்கப் போறான். இறுகிடுச்சா, எடுத்துரலாமா?"

மாவைப் பற்றி பேக்கரிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. எப்போதோ இறுகியிருந்தது. போச்சு, இப்போது தட்டை எடுப்பாள், கையைக் கழுவுவாள், ஓடுவாள். தான் வாயைக் கொப்பளித்து முடிப்பதற்குள் பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

அவள் விரல்கள் தட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தின.

"இல்ல டாக்டர், இன்னும் கொழகொழன்னுதான் இருக்கு."

பஸ் கிளம்பி, தெருமுனை திரும்பி, சத்தம் ஓய்கிறவரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.