ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

"அத இப்பவே அழி மகள். ஹாஜியார் வந்துட்டா வெக்கக்கேடு."

"ஏன் வாப்பா? ஊரே கேக்குது. 'கச்சான் காத்து வெக்கைக்கு ஐஸ்பழம் மாதிரி இரிக்கி' எண்டு எழுதிரிக்காங்க, பாருங்க."

றஸ்னா ஃபோனை நீட்டினாள். றஸாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தன் கலியாணத்துக்கென்று அலமாரியை ஒதுக்கும்போதுதான் அந்தக் கசட் அவள் கையில் அகப்பட்டது. மட்டையில் தோள்வரை முடி வளர்த்து, கறுப்புக் கண்ணாடியோடு நின்றவர் அவளுடைய வாப்பா. கல்முனையில் புடவைக்கடை வைப்பதற்கு முன், கூட்டாளிமாரோடு சேர்ந்து அவர் பாடி வெளியிட்ட பொப் இசைப் பாட்டுகள். அவரே மறந்துபோனவை. றஸ்னா கேட்டாள், சிரித்தாள், திரும்பவும் கேட்டாள், யூடியூபில் ஏற்றிவிட்டாள். கடைசிப் பாட்டு மட்டும் தேறவில்லை. அந்த இடத்தில் நாடா நைந்து கிடந்தது.

நாள் குறிக்க இன்றைக்குச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா வருகிறார். அச்சிமுகம்மது ஹாஜியார், பள்ளிவாசல் தலைவர். கலியாண வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு எழும்புகிறவர்.

"பாட்டுக்குக் குழம்புற கலியாணம் எனக்கு வேணாம்," என்றாள் றஸ்னா.

"மாப்பிளயப் புடிச்சிரிக்கெண்டு நீதானே சொன்ன?" என்றாள் உம்மா றாஹிலா.

றஸ்னா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஹாஜியார் வந்தார். வத்தகப்பழச் சாற்றைக் குடித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் காதில பட்டிச்சி. ஃபோன்ல உங்கட கொரல் திரியுதாம்."

"அது... வாலிப வயசு, ஹாஜியார். விளையாட்டு."

"விளையாட்டெண்டாலும் பிழை பிழைதான். கொமரு காரியம் நடக்கிற ஊடு. அழிச்சிப்போடச் சொல்லுங்க."

"ஓம்," என்று தலையைக் குனிந்தார் றஸாக். பாடியதற்கு வெட்கப்படுகிறாரா, அதற்கு வெட்கப்பட்டதற்காக வெட்கப்படுகிறாரா என்று அவருக்கே விளங்கவில்லை.

றஸ்னா எல்லாரும் பார்க்க அழித்தாள். ஹாஜியாரின் முகம் தெளிந்தது. நாளும் குறித்தாயிற்று.

வழியனுப்ப றஸாக் வாசல் கேற்றடிவரை போனார். காரில் ஏறிய ஹாஜியார் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"மச்சான்."

இதுவரை அப்படிக் கூப்பிடாதவர். றஸாக் குனிந்தார்.

"ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்ட ஏன் போடாம விட்டீங்க?"

"அதுல நாடா நைஞ்சிபோச்சி, ஹாஜியார்."

"என்ட கசட்டுல நையல்ல. எங்கட ஊட்டுல ஆளில்லாத நேரமாப் பாத்து வாங்க, கேப்பம்."