உள்ளே ஒன்றுமில்லாத லேப்டாப்

"இவ்வளவு விலை குடுத்து வாங்க இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார் அருளப்பன். அவர் மனைவி கிளாராவுக்கு டியூஷன் எடுக்க ஒரு லேப்டாப் தேவைப்பட்டது.

கடைக்காரர் சிரித்தார். "உள்ள ஒண்ணுமே இருக்காது சார். படம், ஃபைல் எல்லாம் கிளவுட்லதான். உங்க அக்கவுண்ட்டத் திறந்தா தானா வந்துரும். பாக்குறீங்களா?"

கிளாரா அதற்குள் பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கியிருந்தாள். ஐந்து வருடங்களாகத் திறக்காத கணக்கு அது. இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் ஜெனிஃபா மூளைக்காய்ச்சலில் போனபிறகு, மகளின் படங்களைப் பார்க்கும் தைரியம் இருவருக்குமே வந்ததில்லை.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. தொட்டிலில் ஜெனிஃபா. கடற்கரை மணலில் ஜெனிஃபா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரிக்க முயலும் ஜெனிஃபா. அதுதான் அவர்கள் எடுத்த கடைசிப் படம். ஆனால் அதோடு நிற்கவில்லை. சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் நாளில் பிள்ளைகள் உடுத்தும் வெள்ளை உடையில் ஜெனிஃபா. யாருடைய வீட்டு மாடிப்படியிலோ இரட்டைச் சடையோடு, இன்னும் உயரமாக. பிறகு மூக்குக் கண்ணாடி அணிந்து, நேராகப் பார்த்தபடி.

அருளப்பன் மூடியைச் சாத்தக் கை நீட்டினார். "வா, போயிருவோம்."

கிளாரா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இவளுக்கு எப்பங்க கண்ணு கெட்டுச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்க பொண்ணா மேடம்? எத்தனாவது படிக்குது?"

"ஏழாவது" என்றாள் கிளாரா.