ஒன்றரை விரல்

உயிரின் விலை அன்று ஒன்றரை லட்சத்தில் இழுபறியாக நின்றது. நான் மாட்டுச் சந்தையில் வளர்ந்தவன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்றாலும் கைகளின்மேல் துண்டைப் போட்டு, விரலுக்கு ஒரு லட்சம் என்று பிடித்துத்தான் பேரம் பேசுவேன். விசைத்தறி முதலாளி சென்னியப்பன் வண்டியை ஓட்டிப் பார்த்தபோதும் துண்டு எங்கள் நடுவில் கிடந்தது.

“இந்தப் பட்டன் எதுக்குங்க தரகரே?”

“சக்கரம் வழுக்குச்சுன்னா வண்டியே இழுத்துப் புடிச்சுக்குமுங்க. மலை ரோட்டுல இதுதானுங்க உசுரு.”

“ஓட்டத் தெரியாதவனுக்கு வேணுமுங்க. எனக்கெதுக்கு? அதுக்குண்டான ஒண்ணரையைக் கழிச்சிருங்க.”

“அணைச்சுட்டு அந்த வளைவைத் திருப்பிக் காட்டுங்க, கழிக்கறேன்” என்றேன். வாய்க்கொழுப்பு.

பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். சாலையில் மழை ஈரம். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் வெளியே ஓடியது. பயந்து காலை எடுத்தார். வண்டி மறுபக்கம் சுழன்று பாறையில் அறைந்தது.

ஸ்டீயரிங் அவர் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. தாடை கழன்று தொங்கியது. என் இடக்கை கதவோடு நசுங்கிவிட்டது.

ரத்தத்தில் ஊறிய துண்டுக்கடியில் அவர் என் வலக்கையைத் தேடிப் பிடித்தார். முதலில் ஒரு விரல், பிறகு அடுத்த விரலில் பாதி. ஒன்றரையும் தருகிறாராம். “சரிங்க, சரிங்க” என்று கத்தினேன். அவர் விடவில்லை. மீதிப் பாதியையும் பிடித்தார், அதற்கடுத்த விரலையும் பிடித்தார். ஐந்தும் தீர்ந்ததும், போதாதென்று என் இன்னொரு கையைத் தேடத் தொடங்கினார்.