மஞ்சள் பட்டை

காலை ஆறு மணிக்கு எழுந்து பிரபாகர் பால் காய்ச்சினான், மகளை எழுப்பினான், அவள் நாக்கில் சோதனைப் பட்டையை வைத்தான். உடம்பில் ஆன்டிஆக்சிடன்ட் போதுமான அளவு இருந்தால் பட்டை பச்சையாகும், குறைந்தால் மஞ்சள். இன்றும் மஞ்சள்தான். இது தொடர்ந்து இரண்டாவது நாள்.

மூன்றாம் நாளும் மஞ்சள் என்றால் பள்ளியிலிருந்தே குழந்தையை அரசு ஊட்டச்சத்து விடுதிக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். மனைவி சுகந்தி இருந்தவரை இந்த வீட்டில் மஞ்சள் வந்ததே இல்லை. அவள் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அரசு கொடுத்த உணவுப் பட்டியலில் சொன்ன ஊதாக் கத்தரிக்காயைத்தான் அவன் தினமும் சமைக்கிறான். இன்றும் நறுக்கி, கறுத்துப்போகாமல் இருக்கத் தண்ணீரில் போட்டான்.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாப்பா?" என்றாள் ஏழு வயது ஆதிரை.

"மாட்டாங்க. இதைச் சாப்பிட்டா பச்சை வந்துடும்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. நீங்க பண்றது கத்தரிக்கா மாதிரியே இல்ல. அம்மா பண்ணா கன்னங்கரேல்னு இருக்கும்."

அவன் பாத்திரத்தைப் பார்த்தான். தண்ணீர் பழுப்பாகியிருந்தது. காயின் சத்து இறங்கிய அந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத்தான் சமைத்திருக்கிறான். வேறு இரண்டு கத்தரிக்காய்களை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் சுகந்தி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடமெல்லாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றே சொல்லியிருந்தான். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்து, அவள் உண்மையில் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.

"கத்தரிக்காய அரிஞ்சு தண்ணியில போடாதீங்க. கறுத்தா கறுத்துட்டுப் போகுது."