இஞ்சினைக் கழட்டச் சொன்ன மருமகள்

“இந்த இஞ்சின்ல கை வச்சே, அப்புறம் என் வீட்டுப் படி ஏறக்கூடாது!”

பெரியவர் போட்ட சத்தத்தில், கடை ஓரமாக பெயிண்ட் டப்பா பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நைசாக நழுவிவிட்டார்கள்.

மருமகள் அசரவில்லை. “அது என் வீடும்தான் மாமா” என்றவள், கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “நீங்க மோட்டாரைக் காட்டுங்க.”

கவுன்ட்டர் மேல் ஒரு சூட்கேஸ் அளவுக்கு உட்கார்ந்திருந்தது, ரிமோட்டில் ஓட்டுகிற அந்தப் பொம்மை டிரக். மேடு, பள்ளம், சேறு எதுவானாலும் எகிறிப் பாயும். பெட்ரோல் இஞ்சின். கடைக்காரரே விற்ற வண்டி. அதை ஓட்டி ஓட்டியே பந்தய மைதானத்தில் பெரியவருக்குப் ‘புயல்’ என்று பேர் வந்தது.

அந்த இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேட்டரியில் ஓடுகிற மாதிரி மாற்ற வேண்டுமாம்.

“ஏம்மா, நல்லாத்தானே ஓடுது?” என்றார் கடைக்காரர்.

“ஓடுது. துவைச்ச துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம். வீடு பூரா புகை. அந்தச் சத்தத்துல எனக்குத் தலை வெடிக்குது. என்னால இனிமே முடியாது.”

“கேட்டுக்கப்பா!” பெரியவர் கவுன்ட்டரில் ஒரு குத்து விட்டார். “என் பையன் கப்பல்ல ஏறி முழுசா ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு!”

கேட்க ஆளில்லை என்று இந்தப் பெண் ஆட்டம் போடுகிறது என நினைத்துக்கொண்டார் கடைக்காரர். ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. மூன்று மோட்டார்களை எடுத்து வைத்தார்.

“இது நல்ல வேகம். இது அதைவிட...”

“வேகம் வேணாம். வெட்டி வெட்டி இழுக்காம, மெதுவா வழுக்கிட்டுக் கிளம்பணும்.”

“அப்ப இந்த சென்சார் வச்ச மோட்டார்தான்.”

“தையல் மிஷினுக்கு மாட்டு அதை!” என்று உறுமினார் பெரியவர்.

அவள் காதில் வாங்கவே இல்லை. மோட்டாருக்குத் தோதான ஸ்பீடு கன்ட்ரோலர் எடுத்தாள். பேட்டரி எடுத்தாள். பேட்டரி ஒயரை இணைக்கிற கனெக்டரில்தான் ரொம்ப நேரம் நின்றாள். ஒவ்வொன்றையும் இரண்டே விரலால் இழுத்துப் பார்த்து, “இது இறுக்கம்... இதுவும் இறுக்கம்” என்று ஒதுக்கினாள். கடைசியில், லீவரைத் தட்டினால் தானே கழன்று வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

“எல்லாம் ஆச்சு. மோட்டாரை உக்கார வைக்கிற தகடு குடுங்க.”

கடைக்காரர் பெரியவரைப் பார்த்தார். வண்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார் மனுஷன். ‘பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கார், பாவம்’ என்று தோன்றியது கடைக்காரருக்கு.

தகடு கடைக்காரரின் முழங்காலுக்கு நேராக, கீழ் இழுப்பறையில்தான் இருந்தது.

“அதான் இல்லியேம்மா. இந்த மாடலுக்குன்னு தனியா வரணும். கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். அது இல்லாம மோட்டாரை மாட்டவே முடியாது.”

அவள் முகம் மாறியது ஒரு கணம்தான்.

“பரவாயில்ல. இஞ்சினைக் கழட்டிக் குடுங்க. அளவெடுத்துப் பட்டறையில தகடு வெட்டிக்கறேன்.”

“தொட்டுப் பாரு!” பெரியவர் முகம் சிவந்துவிட்டது.

“கழட்டுங்க” என்றாள் அவள், கடைக்காரரைப் பார்த்து.

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் முழித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அலறியது. “யாருங்க நீல கார்? வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது!”

“என்னோடதுதான்.” அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கடைக்காரர் குனிந்து பெரியவர் காதோரம் கிசுகிசுத்தார். “அண்ணே, நீங்க தைரியமா இருங்க. தகடு இங்கதான் இருக்கு. நான்தான் இல்லேன்னு புளுகினேன். பட்டறைக்காரன்கிட்டயும் சொல்லி இழுத்தடிச்சுடறேன். உங்க இஞ்சினை யாரும் தொட முடியாது.”

பெரியவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அவள் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அட கூறு கெட்டவனே! முதல்ல அந்தத் தகட்டை எடுத்து வெளிய வை.”

“அண்ணே?”

பெரியவர் வலது கையைக் கவுன்ட்டர் மேல் வைத்து விரல்களை மடக்கப் பார்த்தார். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“மூணு மாசமா இஞ்சினை ஸ்டார்ட் பண்ற கயிறை இழுக்க முடியலப்பா. யார்கிட்டயும் மூச்சு விடல. வீட்டுக்குப் பின்னால தனியா உக்காந்து இழுத்து இழுத்துப் பாப்பேன். ஒருநாள் அவ ஜன்னல்லேர்ந்து பாத்துட்டா. நான் கவனிக்கலேன்னு அவ நெனப்பு. மறுநாள் காலையிலதான் இந்தப் புகை, நாத்தம் எல்லாம் ஆரம்பிச்சுது. கல்யாணமாகி ஏழு வருஷமா வராத தலைவலி!”

கடைக்காரர் சட்டென்று குனிந்தார். இழுப்பறையைத் திறந்து தகட்டை எடுத்து வைத்தார்.

“அப்ப சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே அண்ணே? எதுக்கு இத்தனை சண்டை?”

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குக் கை போச்சுன்னு நாலு பேர் பேசக்கூடாதுன்னு, கெட்ட பேரை அவ வாங்கிக்கிட்டு நிக்கிறா. நான் கத்தலேன்னா, எனக்கு எல்லாம் தெரியும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சு போயிடுமேப்பா!”