துவைக்காத சட்டை

மேசைக்குப் பின்னால் மேலாளர் தியாகேசன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, காலையில் உலைக்கூடத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் சூசையின் மனைவி பிலோமினா. கதவோரம் ஸ்டூலில், சூசையின் சீருடைச் சட்டையை மடியில் வைத்தபடி, சலவைப் பிரிவைக் கவனிக்கும் செண்பகவல்லி.

போட்டிருப்பவர் பட்ட சூட்டையெல்லாம் அந்தச் சட்டை பதிந்துவைக்கும், துவைத்தால் அழிந்துவிடும். அன்றாடம் துவைத்தே தீரவேண்டும் என்பது கம்பெனி விதி.

“சூடெல்லாம் அளவாத்தாம்மா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் வெறும் வயித்தோட வந்திருக்காரு,” என்றார் தியாகேசன்.

“ஆறு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் சார் கிளம்புனாரு,” என்றாள் பிலோமினா.

அவர் செண்பகவல்லி பக்கம் திரும்பினார். “நீ போய் அதைத் துவைச்சுப் போடு.”

“அளவாத்தான் இருந்துச்சுன்னா சட்டையே சொல்லட்டுமே சார்.”

“உனக்கு வேலை வேணுமா வேணாமா?”

“வேணும் சார். ஆனா இதைத் துவைக்க மாட்டேன்,” என்று எழுந்து நடந்தாள்.

சலவை அறையில் உட்கார்ந்து தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதினாள்: ‘ஐயா, இத்துடன் இன்று காலை எங்கள் உலைக்கூடத்தில் மயங்கி விழுந்த சூசையின் சட்டை, துவைக்காமல். துவைக்க மறுத்தது நான்தான்.’ கீழே பெயரையும் பணி எண்ணையும் முழுதாக எழுதினாள்.

தபால் நிலையத்தில் உறையை வாங்கிய ஊழியர் மூக்கைச் சுளித்தார். “உள்ள என்னம்மா?”

“வேர்வைச் சட்டை சார். இன்னிக்கே போயிடணும்.”

அவர் உறையின் வாயை ஒட்டி, கிளம்பத் தயாராயிருந்த பையில் போட்டார்.