ஒரு துளி வெண்ணெய்

பாத்திரத்தில் நுரை விளிம்பு வரை பொங்கி வந்ததும் ஆனிக்கின் கை தானாக வேலை செய்துவிட்டது.

கோட்டுப் பையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டியிலிருந்து ஒரு துளி வெண்ணெயை விரலால் வழித்து உள்ளே போட்டாள். நுரை அப்படியே அடங்கிப் போனது. மேப்பிள் மரத்து நீரைப் பாகாகக் காய்ச்சும் அப்பாவின் தோப்பில் சின்ன வயதிலிருந்து பழகிய கை அது. அந்த ஊரில் பாகு காய்ச்சுகிற வீட்டில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் இது அப்பாவின் தோப்பு இல்லை. பள்ளிக்கூட மைதானம். காய்வது பிள்ளைகளின் பாகு.

விரலை நக்கும்போதுதான் கோரலியின் நினைவு வந்தது.

கரீனின் மகள் கோரலிக்குப் பால், வெண்ணெய் எதுவும் ஆகாது. போன வருஷம் யாரோ கொடுத்த பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு, உதடு வீங்கி, மூச்சுக்குத் திணறி, பள்ளிக்கூட வாசலிலேயே சாய்ந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் முகம் இருந்த நிறத்தை ஆனிக் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் அடுப்புப் பக்கம் பால் சாமான் எதுவும் வரக்கூடாது என்று மனோன் டீச்சர் உதவிக்கு வந்த அம்மாக்களிடம் சொல்லியிருந்தார்.

"மரத்துத் தண்ணிதானே காய்ச்சுறோம் டீச்சர், மாடு எங்கேருந்து வரப் போகுது?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவளே ஆனிக்தான். கரீன் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனிக் சுற்றிப் பார்த்தாள். டீச்சர் பிள்ளைகளோடு மைதானத்தின் மறுகோடியில் சுத்தமான பனியை அள்ளி மரத்தொட்டியில் நிரப்பிக்கொண்டிருந்தார். சுடச்சுடப் பாகை அந்தப் பனிமேல் ஊற்றினால் மிட்டாயாக இறுகும், குச்சியில் சுருட்டித் தின்னலாம். கரீன் விறகுக் குவியலோரம் குனிந்திருந்தாள். யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

வாரக்கணக்கில் பிள்ளைகள் முழங்கால் பனியில் நடந்து, மரத்துக்கு மரம் வாளி மாட்டி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நீர். அவ்வளவும் வற்றி வற்றி இந்த ஒரு பாத்திரம். இதைக் கொட்டுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இப்போது மாடு எங்கேயிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்களா?

ஒரு துளிதானே, கொதித்த கொதியில் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த பிஸ்கட்டில் மட்டும் எவ்வளவு இருந்ததாம் என்று மனசு திருப்பிக் கேட்டது.

டீச்சர் வந்து கரண்டியைத் தூக்கிப் பதம் பார்த்தார். இறக்கலாம் என்றார். பிள்ளைகள் தொட்டிக்கு அந்தப் பக்கம் குச்சியோடு வரிசை கட்டின. முதல் ஆளாகக் கோரலி.

"ஆனிக் ஆன்ட்டி, எல்லாரும் சாப்பிடுறதை இன்னைக்கு நானும் சாப்பிடலாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

ஆனிக் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் ஊத்துறேன்" என்று கரீன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

ரெண்டு எட்டு வைத்திருப்பாள். பிள்ளைகள் இல்லாத பக்கமாகப் பாத்திரம் சரிந்தது. பாகு முழுவதும் பனி உருகிய சேற்றில் போய் விழுந்தது. ஆவி மட்டும் எழுந்தது.

பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. பிடிக்கத் தெரியாதவள் எதற்கு முந்திக்கொண்டு வர வேண்டும் என்றாள் ஒரு அம்மா. மகளுக்காகப் பயந்து பயந்தே இவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. டீச்சரின் முகம் தொங்கிப் போனது. கோரலி தன் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயும் வந்துவிட்டது.

"முடியலேன்னா எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல, கரீன்?"

"ஆமா, தப்புதான்" என்றாள் கரீன்.

எல்லோரும் கலைந்த பிறகு இரண்டு பேருமாகப் பாத்திரத்தைப் பனி போட்டுத் தேய்த்தார்கள். கரீனின் கையில் நடுக்கமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஆனிக்குக்கு மறுபடியும் பயம் பிடித்தது.

"கரீன், அந்தப் பாகுல..."

"தெரியும். விறகு எடுக்கக் குனிஞ்சப்பவே பார்த்துட்டேன். நீயே சொல்லிருவேன்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன்."

ஆனிக்கால் தலை நிமிர முடியவில்லை. அப்புறம் ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

கரீன் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"உனக்காக இல்ல ஆனிக். வெண்ணெய்னு சொல்லியிருந்தா, கோரலியாலதான் பாகு போச்சுன்னு பசங்க வருஷம் பூரா அவளைக் குத்திக்காட்டும். அம்மா கை தவறிடுச்சுன்னா, அது என்னோட போயிடும்."